கோயில் மேட்டில் நின்ற கார்

அன்று துரையின் பங்களா வாசலில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று நான் பத்து வருஷமாக ஓட்டி வந்த பழையது. மற்றது, ஒரு நாள் ஓட்டிப் பார்க்கச் சொல்லி சிங்கப்பூர் கம்பெனி அனுப்பியிருந்த புதியது. இரண்டுமே பெரிய மனிதர்கள் ஏறும் மூடு கார்கள்தான். பழையதைக் கிளப்ப முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒருமுறை அது திருப்பி அடித்து என் மணிக்கட்டு பிசகியது. புதியதில் காலால் ஒரு பொத்தானை மிதித்தால் போதும். கூடவே டிரைவருக்குப் பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டை வேறு. என் பாழாய்ப்போன புத்தி அந்தச் சட்டையில் போய் ஒட்டிக்கொண்டது.

பழையதின் இருக்கைகள் தோல். சிகாமட் ஆஸ்பத்திரி எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து கோயில் மேட்டைத் தாண்டிப் பன்னிரண்டு மைல். காய்ச்சலோ பிரசவமோ, லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்களுக்குத் துரை அந்தக் காரைத்தான் கொடுப்பார். ரத்தம் பட்டாலும் வாந்தி பட்டாலும் ஒரு வாளித் தண்ணீரில் கழுவிவிடுவேன். புதியதின் இருக்கைகள் வெளிர் சாம்பல் நிற வெல்வெட்டு. அதில் லயத்து ஆளை யார் ஏற்றுவார்கள்? இது எனக்குத் தெரியாமல் இல்லை.

“கோயில் மேட்டுல ரெண்டையும் ஏத்து. பழசு நல்லா ஏறினா புதுசைத் திருப்பி அனுப்பிடலாம்” என்று சொல்லித் துரை கடிகாரத்தோடு பின்னால் உட்கார்ந்தார்.

முதலில் பழையது. அதன் ஸ்டியரிங்கில் ஒரு சின்ன நெம்பு உண்டு. எஞ்சினுக்குள் பொறி விழும் நேரத்தை அதை நகர்த்தித்தான் சரிசெய்வோம். மேடு தொடங்கியதும் வேண்டுமென்றே அதைத் தப்பாக இழுத்தேன். கார் இருமியது, ஆவி கிளம்பியது, பாதி மேட்டில் நின்றுவிட்டது.

“பாவம், வயசாயிடுச்சு” என்று துரை கதவைத் தட்டிக்கொடுத்தார்.

“ஆமாங்க துரை” என்றேன்.

புதியது ஒரே மூச்சில் ஏறியது. துரை அதையே வாங்கிக்கொண்டார்; மாற்றாகப் பழையதைக் கம்பெனி ஆள் வந்து ஓட்டிக்கொண்டு போனார். ஜொகூர் பாரு வரை அது ஓரிடத்திலும் நிற்கவில்லையாம்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், பால்மரம் வெட்டும் சபாபதி ஓடி வந்தான். மனைவி வெள்ளையம்மாவுக்குப் பிரசவ வலி, பிள்ளை கால் முன்னால் வருகிறது என்று கதறினான். துரை ரயிலேறிச் சிங்கப்பூர் போயிருந்தார். துரைசாணி வெல்வெட்டு இருக்கையை ஒரு பார்வை பார்த்தாள்.

“மாட்டு வண்டி கட்டச் சொல்லு” என்றாள்.

வெள்ளைச் சட்டையில் நான் மரம் மாதிரி நின்றேன். சாவி என் பையில்தான் இருந்தது.

வெள்ளையம்மா பிழைத்தாள். பிள்ளை வண்டியிலேயே செத்துப் பிறந்தது.

எட்டாம் நாள் சபாபதி கார் கொட்டகைக்கு வந்தான்.

“அண்ணே, பழைய கார் இருந்திருந்தா பிள்ளை பொழைச்சிருக்கும்னு இவ சோறு தண்ணியில்லாம பொலம்புறா. அது மேடே ஏறலைதானே? நீங்க சொன்னீங்கன்னா நம்புவா.”

அவள் மனசு ஆறட்டும் என்றுதான் பொய் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

“ஏறியிருக்காது தம்பி” என்றேன்.

அவன் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “நீங்க நல்லா இருக்கணும்ண்ணே” என்றான். நெம்பை இழுத்த கை நனைந்தது.