அறுபத்தொரு பின்னூட்டங்கள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எழுத வரும் என்று அவர் மனைவிக்கே தெரியாது. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எழுதியதெல்லாம் வேலைச் சீட்டுதான்: "கதவு சரி செய்யப்பட்டது. எண்ணெய் விடப்பட்டது." அப்படிப்பட்ட மனுஷர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு வலைப்பூவைத் தொடங்கி, அதற்கு 'இரண்டு மாடிகளுக்கு நடுவே' என்று பெயரும் வைத்தார்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றித்தான் எழுதினார். கால் மணி நேரம் உள்ளே நின்றுவிட்டு வெளியே வந்ததும் நிச்சயத்தை முறித்துக்கொண்ட ஜோடி, உள்ளே இருந்தபடியே போனில் வேலையை ராஜினாமா செய்த அதிகாரி, கதவைத் திறந்ததும் "அதுக்குள்ள ஏன்யா வந்தே?" என்று எரிந்து விழுந்த தூக்கக்கலக்க ஆசாமி. தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு அரை மணி நேரம் அதையே தேடிய கதையையும் எழுதினார். முதல் பின்னூட்டம் அதற்குத்தான் வந்தது.

அனுப்பிய பெண்மணியின் புனைபெயர் 'கிழிந்த குடை'. "மெக்கானிக் சார், நான் சிரிச்ச சிரிப்புல பக்கத்து வீட்டம்மா வந்து கதவைத் தட்டிட்டாங்க. அந்த ஸ்க்ரூடிரைவர் இப்போ எந்தக் காதுல இருக்கு?"

அதை அவர் எத்தனை தடவை படித்தார் என்று கேட்காதீர்கள். இருபது வருஷமாக அவர் எத்தனையோ பேரை வெளியே எடுத்திருக்கிறார்; நன்றி சொன்னவர்களை விட வாட்சைப் பார்த்தவர்களே அதிகம். முகம் தெரியாத ஒருத்தி, எங்கோ ஒரு அறையில், அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள். அன்றைக்கு மெக்கானிக் ஏணியில் ஏறும்போதுகூடச் சிரித்துக்கொண்டே ஏறினார்.

அதன் பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் குடை வந்துவிடும். ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர், தனியாக இருப்பவள், முழங்கால் சொன்னபடி கேட்காது. இவ்வளவுதான் அவளைப் பற்றி அவருக்குத் தெரியும். ஆனால் எந்த வரியில் அவர் அவசரப்பட்டார், எந்த வரியை எழுதும்போது அவருக்கே அழுகை வந்திருக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். நாலு வருஷம் இப்படி ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மனைவி கிண்டலைத் தொடங்கிவிடுவாள்: "என்ன, உங்க குடை வந்தாச்சா? வரலைன்னா உங்களுக்குச் சோறு இறங்காதே!"

பிறகு வாசகர்கள் பெருகினார்கள். "அருமை சார்", "கலக்கிட்டீங்க சார்" என்று கைதட்டுகிற வகை. ஒரு பதிப்பாளர், "புத்தகமாகப் போடுகிற எண்ணம் இருக்கிறது, தொடர்ந்து கவனித்து வருகிறேன்" என்று ஒரு கடிதம் போட்டார். அவ்வளவுதான், மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. கதைகளில் மெக்கானிக் கொஞ்சம் கொஞ்சமாக உயரமானார். மாட்டிக்கொண்ட கர்ப்பிணி ஒருத்தியைப் பத்தே நிமிஷத்தில், அறுந்து விழ இருந்த கம்பியில் தொங்கி, ஒற்றை ஆளாகக் காப்பாற்றியதாக ஒரு பதிவு எழுதினார். உண்மையில் ஒன்றரை மணி நேரம் ஆனது. கூட மூன்று பேர் இருந்தார்கள். கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஜால்ரா காதைப் பிளந்தது. குடை மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: "சார், மாட்டினவங்களைப் பத்து நிமிஷத்துல எடுக்க முடியாதுன்னு நீங்களே முன்னாடி எழுதியிருக்கீங்க. இப்பல்லாம் நீங்க கதை சொல்லலை, கண்ணாடி முன்னாடி நிக்கறீங்க. பழைய மெக்கானிக் எங்கே?"

சுருக்கென்று தைத்தது. பதிப்பாளர் பார்க்கிற இடத்தில் இப்படியா? அவருடைய வலைப்பூவில் எந்தப் பின்னூட்டமும் அவர் அனுமதித்தால்தான் வெளியே தெரியும். வெளியிடு, அழி, ஸ்பேம் என்று மூன்று பொத்தான்கள். அழித்திருந்தால் அந்த ஒன்றோடு போயிருக்கும். மூக்குக்கு மேல் வந்த கோபத்தில் ஸ்பேமை அழுத்தினார். 'போ, குப்பையோடு குப்பையாகக் கிட' என்று வாய்விட்டும் சொன்னார்.

அடுத்த பதிவுக்குக் குடை வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. முதலில் ரோஷம், பிறகு ஏக்கம், பிறகு மறுபடியும் ரோஷம். ஒவ்வொரு ஞாயிறும் மற்றவர்களின் 'அருமை'களைத் தள்ளித் தள்ளி அந்த ஒரு பெயரைத் தேடினார். பதினோரு மாதம் பார்த்துவிட்டு, பொறுக்க மாட்டாமல் ஒரு பதிவு போட்டார். 'மடக்கி வைத்த குடை' என்று தலைப்பு. ஒருவன் முன்னுக்கு வந்தால் வயிறு எரிகிறவர்கள், ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் நழுவுகிறவர்கள் என்று வகைவகையாக வாங்கு வாங்கென்று வாங்கினார். நூற்றுப்பத்துப் பேர் கைதட்டினார்கள்.

மனைவி படித்துவிட்டுச் சொன்னாள்: "நாலு வருஷம் வந்த மனுஷி திடீர்னு வரலைன்னா, என்ன ஆச்சோன்னு கேப்பாங்க. நீங்க ஏன் வரலைன்னு திட்டறீங்க. நல்லா இருக்கு உங்க எழுத்து."

பதிப்பாளர் அதற்குப் பிறகு கடிதமே போடவில்லை, அது வேறு கதை.

இன்னும் மூன்று மாதம் கழித்து ஒரு புது வாசகர் மின்னஞ்சல் அனுப்பினார்: "என் பின்னூட்டம் வரவே இல்லையே, ஸ்பேமில் விழுந்திருக்கிறதா பாருங்கள்." மெக்கானிக் முதல் முறையாக அந்தக் குப்பைக்கூடையைத் திறந்தார். தூக்க மாத்திரை விளம்பரம், முடி வளரும் தைலம், கிழிந்த குடை. லாட்டரி, கிழிந்த குடை, கிழிந்த குடை. அன்றைக்கு அவர் ஒன்றைத் தள்ளிவிட்டதும், இனி இந்த ஆள் எழுதுவதெல்லாம் குப்பை என்று எந்திரம் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒன்றை விட்டுவிட்டு எண்ணிப் பார்த்தார். அறுபத்தொன்று.

பழையதிலிருந்து படித்தார். முதலாவது மன்னிப்பு: "கொஞ்சம் கடுமையா சொல்லிட்டேன் சார், உரிமையா நினைச்சுச் சொன்னது." அடுத்தடுத்து, ஒவ்வொரு பதிவுக்கும் ஒன்று. ஒன்பதாவதில்: "நீங்க வெளியிடலைன்னாலும் பரவாயில்லை. படிக்கறீங்கல்ல, அது போதும். ஊருக்குத் தெரியாம உங்ககிட்ட மட்டும் பேசற மாதிரி இருக்கு." அதற்குப் பிறகு அவள் தன் கதையைத் தொடங்கிவிட்டாள். டெலிபோன் போர்டில் இரவெல்லாம் அடுத்தவர் பேச்சை இணைத்துக் கொடுத்தது, வெளிநாட்டுக்குப் போன தம்பி கடிதத்தை நிறுத்தியது, அம்மாவின் கடைசி நாள். பெருமையாக ஒரு வரியில்லை. மெக்கானிக்குக்குப் பொறாமையாக இருந்தது. நன்றாக எழுதுகிறாள், தன்னைவிட நன்றாக.

முப்பத்திரண்டாவதில்: "எங்க கட்டடத்து லிஃப்ட் நின்னுபோச்சு. நான் ஆறாவது மாடி. கதவுப் பூட்டுல இருக்கற காண்டாக்ட், கதவு சாத்தியாச்சுன்னு லிஃப்டுக்குச் சொல்ற சாமான், அது போயிடுச்சாம், அந்தப் பழைய சாமான் இப்போ வர்றதில்லைன்னு ஓனர் கைய விரிக்கிறார். வேற சாமானை ரெண்டு ஓட்டை போட்டு மாட்டலாம்னு நீங்க எழுதின ஞாபகம். சரியா சார்?" முகவரியும் எழுதியிருந்தாள். இதே ஊர். பஸ்ஸில் நாற்பது நிமிஷம்.

ஐம்பதாவதில்: "'மடக்கி வைத்த குடை' படிச்சேன். கோபம் தீர்ந்ததா சார்? தெருவை மிதிச்சு நாலு மாசம் ஆகுது. கடைக்காரர் பையைக் கயித்துல கட்டி விடறார், நான் இழுத்துக்கறேன்."

அறுபத்தொன்றாவது போன வாரம் வந்தது. கூரையில் கூடு கட்டிய புறாவைப் பற்றி.

மறுநாளே விடுப்பு எடுத்துக்கொண்டு, காண்டாக்டையும் துளைபோடும் எந்திரத்தையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஆறு மாடி. நாலாவதிலேயே மூச்சு வாங்கியது. கதவைத் திறந்தவள் ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான்தான்... மெக்கானிக்."

அவள் முகம் மலர்ந்ததே, அதை அவர் ஆயுசுக்கும் மறக்கப்போவதில்லை. "வந்துட்டீங்களா சார்! எனக்குத் தெரியும். ஒரு நாள் மனசு இறங்கும்னு தெரியும். புறா வரைக்கும் படிச்சீங்களா?"

அந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் படித்தும் ஏழெட்டு மாதம் வராமல் இருந்த கல்நெஞ்சக்காரன் என்று அவள் நினைத்துவிட்டால்? தன்மேல் அழுக்குப் படக் கூடாது என்ற பழைய புத்தி முந்திக்கொண்டது.

"சத்தியமா சொல்றேம்மா, நான் ஒண்ணுகூடப் படிக்கலை. எல்லாம் தப்பான இடத்துல போய் விழுந்துடுச்சு. நேத்துதான் பார்த்தேன். தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருக்க மாட்டேனா?"

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லைம்மா."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எங்கம்மா செத்ததை யார்கிட்டயும் சொன்னதில்லை" என்றாள். "நீங்க கேட்டுட்டு இருக்கீங்கன்னு நினைச்சுதான் எழுதினேன். கோபமா இருந்தாலும் கேக்கறார்னு." பிறகு சொன்னாள்: "எனக்கு ஒரு வாசகர் இருந்தார்னு நினைச்சுட்டு இருந்தேன் சார்."

வாசகருக்காக ஒருத்தி எப்படிக் காத்திருப்பாள் என்று மெக்கானிக்கைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? நேற்று எல்லாவற்றையும் படித்தேன் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "லிஃப்டைப் பாருங்க."

சும்மா செய்து தருகிறேன் என்று வாட்ச்மேன் மூலம் சொன்னதும் கட்டட ஓனருக்கு ஆட்சேபமில்லை. இரண்டு ஓட்டை, நாலு ஸ்க்ரூ, ஒன்றரை மணி நேரம். ஏழு மாதம் கிடந்த வேலை அவ்வளவுதான். மத்தியானம் லிஃப்டிலேயே ஆறாவது மாடிக்குப் போய், கிராதிக் கதவைத் திறந்து பிடித்தபடி கூப்பிட்டார்: "அம்மா, சரியாயிடுச்சு. வாங்க, ஒரு தடவை கீழே போயிட்டு வரலாம்."

வீட்டுக் கதவு திறக்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

"லிஃப்ட் கதவை நல்லா சாத்திட்டுப் போங்க சார். திறந்து கிடந்தா கீழே இருக்கறவங்க எவ்வளவு கூப்பிட்டாலும் வராது. நீங்கதான் எழுதியிருந்தீங்க."

கதவைச் சாத்திவிட்டு மெக்கானிக் படியில் இறங்கினார்.