படகுக்கு ஏது எர்த்து

சிவப்பு வயரைப் பின்பக்கத்துப் பேட்டரியிலிருந்து இழுத்து, பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ் போட்டு, தரைப் பலகைக்கு அடியில் நுழைத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த ஸ்டீரியோ வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள் சின்னவள். அதற்கே இடுப்பு கழன்றுபோயிருந்தது. கறுப்பு வயருக்கு அவள் யோசிக்கவே இல்லை. ஒரு சாண் வெட்டினாள், முனையில் வளையத்தை வைத்து நசுக்கினாள், கைக்கு எட்டிய ஒரு போல்ட்டில் மாட்டி முடுக்கினாள். கார்களில் இத்தனை வருஷமாக அவள் செய்துவருவது அதுதான். காரில் பிளஸுக்குத்தான் பாடுபட வேண்டும். மைனஸுக்கு எந்த இரும்பைத் தொட்டாலும் எர்த்து கிடைத்துவிடும். எழுந்து உட்கார்ந்து, "மாமா, காதைப் பொத்திக்கோங்க" என்று பந்தாவாகச் சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினாள்.

ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், நிஜமாகவே காதைப் பொத்திக்கொண்டு நின்றார். மனுஷனுக்கு எதையும் முழுசாக நடித்துக் காட்டாவிட்டால் தூக்கம் வராது. சின்னவள் போல்ட்டைப் பார்த்தாள். போல்ட் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்தது, கம்பி படகைப் பிடித்திருந்தது, படகோ முழுக்க ஃபைபர். பிளாஸ்டிக் வாளிக்குள் எர்த்தைத் தேடினால் எங்கிருந்து வரும்? "அட மண்டு" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நல்லவேளை, தாடி பக்கத்தில் இல்லை.

தாடி பக்கத்துப் படகின் சொந்தக்காரர். ஞாயிற்றுக்கிழமை இந்தப் படகைப் பார்க்க வருகிறார். மாமா இதை விற்பதாகச் சொல்லிவிட்டார், அவரும் வாங்குவதாகச் சொல்லிவிட்டார். அக்காவிடம்கூடக் கேட்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி இருந்தது, அது பிரச்சினை இல்லை. படகை விட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்தால் இந்த மனுஷன் மிச்ச ஆயுசுக்கும் வாயைத் திறக்கமாட்டார் என்று அக்காவுக்குப் பயம். அந்தப் பயத்தில்தான் தங்கச்சியின் கடைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஏதாச்சும் பண்ணுடி. ஒரு மைக்கு, ஒரு ஸ்பீக்கரு. உனக்கு இது ஒரு வேலையா?"

மாமாவுக்குப் படகுத்துறையில் சங்கு என்று பேர். ஆலைச் சங்கு மாதிரிக் குரல். இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரையில் ஆள் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவர் சுற்றுலாப் பயணிகளிடம் அள்ளிவிட்ட பொய்க்கு அளவே கிடையாது. நடுத் தண்ணீரில் இருக்கும் தீவைக் காட்டி, அங்கே ஒரு ராஜா தன் மாமியாரைக் குடிவைத்தான் என்பார். நீச்சல் தெரியாத மாமியாராகப் பார்த்துத்தான் கல்யாணமே பண்ணினானாம். அந்தம்மா ஒரே மழைக்காலத்தில் நீச்சல் கற்றுக்கொண்டு சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டாளாம். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். பிறகு தொண்டையில் ஆபரேஷன். டாக்டர் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார், குரல் போயிற்று. மிஞ்சியது ஒரு கிசுகிசுப்பு. அதைக் கேட்க அவர் வாயருகே காதைக் கொண்டுபோக வேண்டும். "சங்குக்கே சங்கு ஊதிட்டாங்களே" என்று துறையில் ஒருத்தன் சொல்லப்போக, அக்கா அவனை விரட்டிய விரட்டில் அவன் செருப்பு தண்ணீரில் மிதந்தது.

அதற்கப்புறம் அக்கா படகில் ஏறினாள். மாமா அவள் காதில் ஓதுவார், அவள் ஜனத்திடம் சொல்வாள். ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். ஆனால் அக்காவுக்குப் பொய் வாயில் வராது. மாமா ராஜாவையும் மாமியாரையும் நிறுத்தி நிதானமாக ஓதி முடித்ததும், அவள் நிமிர்ந்து, "இது தீவு. இங்க யாரும் இல்ல" என்பாள். மாமா தலையில் அடித்துக்கொள்வார். நாளாக நாளாக அவர் ஓதுவதை நிறுத்தினார். வாயைத் திறக்காமல் படகை ஓட்டினார், கரைக்கு வந்தார், கயிற்றைக் கட்டினார். ஜனம் தாடியின் படகுக்கு நகர்ந்தது.

சின்னவள் போல்ட்டிலிருந்து வயரைக் கழற்றினாள். ஃபைபர் படகிலும் ஓர் இரும்பு மலை இருக்கிறதே, எஞ்சின்! கறுப்பு வயரோடு ஒரு துண்டை ஒட்டுப்போட்டு நீட்டி, எஞ்சின் உடம்பில் முடுக்கிவிட்டு வந்து பட்டனை அழுத்தினாள். நீல வெளிச்சம் எரிந்தது. பாட்டு வந்தது. அக்கா கைதட்டினாள். மாமா மைக்கை வாங்கி உதட்டருகே வைத்தார்.

"மச்சினி" என்றார்.

அந்த ஒரு சொல் படகு முழுக்க நிறைந்தது. பழைய சங்கு இல்லை அது. பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் சொல்கிறமாதிரி இருந்தது. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மாமா சிரித்தபடி எஞ்சினைப் போட்டார்.

ஙொய்ங் என்று ஓர் இரைச்சல் ஸ்பீக்கரிலிருந்து கிளம்பியது. வேகத்தைக் கூட்டினால் அதுவும் சுருதி ஏறியது, குறைத்தால் இறங்கியது. மாமா ஏதோ பேசினார், ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. பாட்டுக்கென்றால் சத்தத்தைக் கூட்டி இரைச்சலை அமுக்கிவிடலாம். இது கிசுகிசுப்பு. இதைப் பெரிதாக்க ஆம்ப்ளிஃபயரை முழுக்க ஏற்ற வேண்டும், ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறும். சின்னவள் பட்டனை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். மாமா எஞ்சினை நிறுத்தினார். மைக்கை அதன் பெட்டிக்குள் வைத்து மூடினார். அவள் காதருகே குனிந்து, "விட்டுடு புள்ள" என்றார். "நீ பாத்ததே போதும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுதுகொண்டே வண்டியை ஓட்டினாள்.

மறுநாள் கடையில் ஒரு காருக்கடியில் படுத்துக் கறுப்பு வயரை முடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் கண் டயரில் பட்டது. ரப்பர் டயர். அப்படியானால் இந்த வண்டி பூமியைத் தொடவே இல்லை! ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிற வண்டிக்கு ஏது எர்த்து? இத்தனை வருஷமாக எர்த்து எர்த்து என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது வெறும் திரும்பிப்போகிற வழி. சிவப்பில் வந்த கரண்டு பேட்டரிக்கு வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான். காரின் உடம்பு மொத்தமும் அகலமான சாலையாக இருப்பதால் வழியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. படகிலோ அவள் ஸ்டீரியோவின் கரண்டை எஞ்சின் வழியாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். அங்கே டைனமோ போடுகிற கூச்சல் எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வராமல் என்ன செய்யும்? சந்தைக்குள் புகுந்து போகிறவன் மேலே மீன் வாடை அடிக்கத்தானே செய்யும்.

"அடி சக்கை!" என்று கத்தினாள். கார்க்காரர் பதறிப்போய்க் குனிந்து பார்த்தார். "ஒண்ணுமில்ல சார், உங்க காருக்கு எர்த்தே இல்ல" என்றாள். பாவம், அவர் அதற்கப்புறம் அன்று முழுக்கக் கவலையாகவே இருந்தார்.

ஞாயிறு காலையில் உப்புக்கு அரிக்காத, ஈயம் பூசிய கனமான கறுப்பு வயரோடு படகில் ஏறினாள். மாமா வேண்டாம் என்று கையை ஆட்டினார். "நீங்க சும்மா இருங்க மாமா. விக்கிற படகுதானே, ஓட்டை போட்டா உங்களுக்கென்ன?" என்று அவரை நகர்த்திவிட்டுப் பலகையைத் தூக்கினாள். பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து ஸ்டீரியோ வரைக்கும், சிவப்பு வயர் போன அதே வழியில், கறுப்பையும் ஜோடியாக இழுத்தாள். முழங்கை சிராய்த்தது. எஞ்சினிலிருந்து வந்த பழைய வயரை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள். கூட ஒன்று இருந்தால் இன்னும் நல்லதுதானே, ஒன்று அறுந்தால் இன்னொன்று தாங்குமே என்று நினைத்தாள்.

பலகையை மூடுவதற்குள் தாடி வந்துவிட்டார். அவர் படகை மருமகன் ஓட்டுகிறானாம். இந்தப் படகை ஓடவிட்டுப் பார்க்க வேண்டுமென்றார். சும்மா ஓட்டுவானேன் என்று கரையில் காத்துநின்ற பத்துப் பன்னிரண்டு பேரை அக்கா ஏற்றிக்கொண்டாள். மாமா எஞ்சினைப் போட்டார்.

ஙொய்ங்.

முன்னைவிடக் கொஞ்சம் மெலிசு. ஆனால் அதே ஙொய்ங்.

"என்னம்மா, கொசு புடிச்சு உள்ள வெச்சிருக்கியா?" என்றார் தாடி. ஜனம் சிரித்தது. சின்னவளுக்கு முகம் எரிந்தது.

படகு கரையை விட்டு நகர்ந்தது. எஞ்சின் எத்தனை வருஷத்துது என்று தாடி கேட்டார். மாமா அக்காவின் காதில் என்னவோ சொல்லிவிட்டு, தாடியிடம் கைவிரலாலும் காட்டினார். அக்கா வாயால் வேறு கணக்குச் சொன்னாள். தாடி விரலையும் வாயையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்கப்பா! ரெண்டு பக்கமும் இழுத்தா நான் எதைக் கேக்குறது?" என்று அலுத்துக்கொண்டார்.

சின்னவள் சட்டென்று தரையில் படுத்துவிட்டாள். பயணிகளில் ஒரு அம்மாள் மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே தலையை நுழைத்தபோது இரண்டு கறுப்பு வயரும் ஒரே முனையில் வந்து சேர்ந்திருந்தது தெரிந்தது. ஒன்று அவள் இன்று போட்ட சுத்தமான வழி. இன்னொன்று எஞ்சினின் கூச்சலை இன்னமும் சுமந்துவருகிற வழி. இரண்டும் எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் ஸ்டீரியோவுக்குமாக வட்டம் சுற்றிக்கொண்டிருந்தன. பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று விட்டுவைத்தாளே, அதுதான் பாடிக்கொண்டிருக்கிறது. கட்டிங் பிளேயரை எடுத்தாள். கடையில் எந்தப் பயலிடமும் எர்த்தை வெட்டு என்று அவள் சொன்னதில்லை, சொன்னவனை வேலையை விட்டே அனுப்பியிருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு, பழைய வயரை நறுக்கென்று வெட்டினாள்.

இரைச்சல் நின்றது.

எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தண்ணீர் படகின் வயிற்றில் தட்டுகிற சத்தம் கேட்டது. ஸ்பீக்கர் மட்டும் வாயை மூடிக்கொண்டு, அடுத்தவர் பேசட்டும் என்று மரியாதையாக இருந்தது. மாமா வேகத்தைக் கூட்டினார். ஒன்றும் வரவில்லை. இன்னும் கூட்டினார். ஒன்றுமே வரவில்லை! சின்னவள் படுத்தபடியே சிரித்தாள், சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. எழுந்து, பெட்டியைத் திறந்து, மைக்கை மாமாவின் கையில் திணித்தாள்.

"பேசுங்க மாமா. ஆம்ப்பு முழுசா ஏத்தியாச்சு."

மாமா தொண்டையைச் செருமினார். படகிலிருந்த அத்தனை பேருக்கும் அது தங்கள் பிடரிக்குப் பின்னால் கேட்டது. பேச்சு நின்றுபோயிற்று.

"அந்தக் கலங்கரை விளக்கத்தப் பாருங்க" என்றார். ரகசியம் சொல்கிற குரல். எல்லோரும் பார்த்தார்கள். "கொஞ்சம் சாஞ்சிருக்கில்ல? காத்துல சாஞ்சதுன்னு கவர்மெண்டு சொல்லும், நம்பாதீங்க. எனக்குக் கல்யாணம் ஆன அன்னிக்கு, இதே தண்ணியில, என் பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்தேன். அதுவரைக்கும் நேரா நின்ன விளக்கு. இவளப் பாக்கணும்னு எட்டிச்சு பாருங்க, எட்டின கழுத்து திரும்பவே இல்ல."

ஜனம் ஓ என்று கூவியது. எல்லோர் கண்ணும் அக்காமேல் திரும்பியது. அக்கா நிமிர்ந்தாள், வாயைத் திறந்தாள். அது கட்டும்போதே சாய்ந்த விளக்கு, கல்யாணத்தன்று மழை, அன்றைக்குப் படகே ஓடவில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். திறந்த வாயை மூடிக்கொண்டாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கலங்கரை விளக்கத்துக்குத் தெரிகிறமாதிரி லேசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

மாமாவை இனிமேல் யாராலும் பிடிக்க முடியாது. அடுத்து ராஜா வந்தான், மாமியார் வந்தாள். தாடி சிரிப்பை அடக்கத் தாடியையே வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து எதிரே அவருடைய படகு வந்தது. அதில் கூட்டம் நெருக்கியடித்தது. மாமாவின் கிசுகிசுப்பு தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு அங்கேயும் போயிற்று போலிருக்கிறது. முதலில் அந்தப் படகில் ஒரு ஆள் இந்தப் பக்கமாக எழுந்து வந்து கம்பியைப் பிடித்தான். பிறகு ஒரு குடும்பம் வந்தது. பிறகு எல்லோருமே வந்தார்கள்.

"டேய் மாப்ள! உக்காரச் சொல்லுடா! எல்லாரையும் உக்காரச் சொல்லு!" என்று தாடி கம்பிமேல் ஏறி நின்று அலறினார்.

யாரும் உட்காரவில்லை. அந்தப் படகு முழுக் கூட்டத்தோடும் இந்தப் பக்கமாகச் சாய்ந்து, ஒரு காதைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு, மெதுவாகக் கடந்துபோனது.