பின்கண்ணாடியில் ஒரு தேதி

ஊசி முனையால் கறுப்பு ஸ்டிக்கரின் ஓரத்தைத் தூக்கி சுகந்தி மெல்ல உரித்தபோது முதலில் வெளியே வந்தது மீசைதான். அப்புறம் மூக்கின் ஒரு பக்கத்து நிழல். அப்புறம் கண்ணுக்குக் கீழே தொங்குகிற சதை. ஸ்டிக்கர் மெஷின் பாட்டுக்குக் கோடு கோடாக வெட்டித் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடும். அந்தக் கோடுகளுக்குள் எது முகம், எது குப்பை என்று பிரித்தெடுப்பது மனுஷி பார்க்கிற வேலை. கொஞ்சம் அசந்து மூக்கையும் சேர்த்து உரித்துப் போட்டுவிட்டால், போய்ச் சேர்ந்தவர் மூக்கில்லாமல்தான் ஊரைச் சுற்ற வேண்டும்.

தென்காசியில் அவர்கள் இருந்த வாடகை வீட்டில் சாப்பாட்டு மேசை என்று ஒன்று இருந்தது. மெஷின் வந்த நாளிலிருந்து அதில் யாரும் சாப்பிட்டதில்லை. புருஷன் வேல்ராஜ் குற்றாலத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். அவனுடைய ஸ்டாண்டுக்காரர்களுக்கு ரேடியம் ஸ்டிக்கரில் குலசாமி பெயர் வெட்டிக் கொடுக்கத்தான் இதைத் தொடங்கினாள். பிறகு பிள்ளைகளின் நோட்டுக்கு ஒட்டும் பெயர் ஷீட்டு, பிறந்தநாள் ஷீட்டு என்று வளர்ந்து, கடைசியில் சாவில் வந்து நின்றது. இந்தப் பக்கம் ஒரு வீட்டில் பெரிய தலை சாய்ந்தால் போஸ்டர், பிளெக்ஸ் எல்லாம் முடிந்த கையோடு கார் பின்கண்ணாடிக்கு ஒரு பெரிய முகம், பங்காளிகள் பைக்குக்கெல்லாம் சின்னச் சின்ன முகம் என்று ஒரு ஷீட்டு வேண்டும். பதினாறாம் நாளன்று அத்தனை வண்டியிலும் அவர் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். சாவு வீட்டு ஆர்டரை வீட்டுக்குள் வைத்துச் செய்கிறாயே என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்கள். சுகந்தி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செத்தவர்கள் சிரித்த முகமாகத்தான் வருகிறார்கள், உயிரோடு இருக்கிறவர்கள்தான் முறைக்கிறார்கள் என்பாள்.

இந்த முகம் அச்சன்புதூரிலிருந்து வந்தது. அனுப்பியவர் இசக்கிதுரை, வடக்கே பட்டாளத்தில் இருக்கிறவர், லீவில் வந்திருந்தார். நெற்றியில் சந்தனம் வைத்த ஒரு பெரியவரின் ஸ்டுடியோ படம். ‘எங்கள் அப்பா’ என்று மேலே. கீழே பிச்சையா என்று பெயர், தோற்றம், மறைவு. முகத்தை முதலில் வெட்டிவிட்டு எழுத்தைக் கடைசியில் வெட்டுவது சுகந்தியின் வழக்கம். எழுத்தில்தான் வம்பு வரும். தேதி ஒன்று மாறிவிட்டால் மொத்தச் சொந்தமும் வாசலில் வந்து நிற்கும். அதனால் தேதியை மட்டும் காலண்டரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மெஷினைத் தட்டுவாள்.

பார்த்தாள். மறைவு, ஞாயிற்றுக்கிழமை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை இல்லை, வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் புதன்தான் ஆகியிருந்தது.

துக்கத்தில் இருக்கிற மனுஷர், கை தவறி அடித்திருப்பார் என்று போன் போட்டாள்.

“அண்ணாச்சி, தென்காசியில இருந்து ஸ்டிக்கர் கட்டிங் பேசுதேன். அப்பா மறைவு தேதிய மட்டும் ஒருக்கா சொல்லுங்க. நீங்க அனுப்புனதுல வார ஞாயித்துக்கிழமன்னு இருக்கு.”

மறுமுனையில் கட்டில் கிரீச்சிட்டது. யாரோ இருமினார்கள். பிறகு, தள்ளியிருந்து ஒரு வயசான குரல் தெளிவாகக் கேட்டது.

“ஏலே துர, யாருலே போன்ல?”

“ஒண்ணுமில்லப்பா. நீங்க படுங்க.”

சுகந்தியின் கையில் ஊசி இருந்தது. எதிரே மேசையில் ‘எங்கள் அப்பா’ பாதி உரிந்து கிடந்தார்.

“ஹலோ,” என்றார் இசக்கிதுரை. குரல் இறங்கியிருந்தது. “தேதிய விட்டுரும்மா. தேதி இல்லாமலே வெட்டிரு. நாங்க பொறவு போட்டுக்கிடுதோம்.” போன் வைக்கப்பட்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த வேல்ராஜிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். ஆஸ்பத்திரியில் கைவிரித்திருப்பார்கள், முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள், இந்தக் காலத்தில் எல்லாமே அட்வான்ஸ்தானே என்றான்.

“கைவிரிச்ச டாக்டரு தேதி குறிச்சுக் குடுப்பாராக்கும்?”

“லீவு எம்புட்டு நாளுன்னு சொன்னாரா?”

“ஒரு மாசமாம். அதுல பத்து நாளு போயிருச்சாம். பதினாறு முடிஞ்ச கையோட ரயில் ஏறணும், அதுக்குள்ள ஷீட்டு வேணும்னாரு.”

வேல்ராஜ் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் காலண்டரைப் பார்த்தான். உதடு அசைந்தது. “ஞாயித்துக்கிழம முடிஞ்சா பதினாறுக்கும் லீவுக்கும் கணக்கு சரியாத்தான் இருக்கு,” என்றான். அதற்குமேல் அவன் சாப்பிடவில்லை.

அவர்கள் இருவருக்குமே அது தெரியும். வாய்விட்டுத்தான் சொன்னதில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிற பெரியவர்களுக்குச் சில வீடுகளில் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். வயிறு முட்ட இளநீர் கொடுப்பார்கள். மறுநாள் ஜன்னி கண்டு முடிந்துவிடும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், நல்ல சாவு என்று சொல்லிவிட்டுப் பந்தல் போடுவார்கள். எங்கேயோ, யார் வீட்டிலோ நடப்பது என்றுதான் சுகந்தி அதுவரை நினைத்திருந்தாள். அது வாட்ஸ்அப்பில், தோற்றம் மறைவோடு, தன் மேசைக்கே வரும் என்று நினைக்கவில்லை.

“போலீசுக்குச் சொல்லுவமா?”

“என்னன்னு சொல்லுவ? ஸ்டிக்கர்ல தேதி தப்பாப் போட்டிருக்காருன்னா? சிரிப்பானுவ. நமக்கு எதுக்குட்டி? வெட்டிக் குடுத்துட்டுப் பேசாம இரு.”

சுகந்தி வெட்டினாள். தேதி இல்லாமல்தான் வெட்டினாள். ‘மறைவு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் விட்ட இடம் வெள்ளையாகப் பார்த்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல், மிச்சமிருந்த துண்டு ரோலில் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதியைத் தனியாக வெட்டி எடுத்தாள். ஏன் வெட்டினாய் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. உரித்து, கண்ணாடிக்கு மாற்றுகிற டேப்பை மேலே ஒட்டி, பையின் ஓரத்தில் சொருகிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை சாரல் விட்டு விட்டு விழுந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அச்சன்புதூருக்குப் போனாள். ஷீட்டை யார் மூலமாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம். போனில் பேசிய பெரியவருக்கு இதற்குள் நினைவு தப்பிவிட்டது, மூச்சு மட்டும் ஓடுகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், மனது ஆறிவிடும் என்று நினைத்தாள்.

வீட்டின் முன்னால் தெருவில் அவர்களுடைய வெள்ளைக் கார் நின்றது. வாசல் கதவு திறந்திருந்தது. முன்னறைக் கட்டிலில் அவள் உரித்தெடுத்த முகம் தலையணையில் சாய்ந்து டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தது. மீசை அதே மீசை. இடுப்புக்குக் கீழே போர்வை அசையாமல் கிடந்தது. கண் மட்டும் துறுதுறுவென்று இவளைப் பார்த்தது.

“யாரு தாயி? துரயத் தேடியா வந்த? கடைக்குப் போயிருக்கான். இரி, வந்துருவான்.”

“இருக்கட்டும் தாத்தா. ஒடம்பு எப்படி இருக்கு?”

“காலு ரெண்டும்தான் வரல. மத்தபடி கல்லத் தின்னாலும் செரிக்கும்.” சிரித்தார். பிறகு ரகசியம் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினார். “சனிக்கிழம எனக்கு எண்ணெக் குளியல். துர சொல்லிட்டான். அவன் கையாலயே தேச்சுக் குளிப்பாட்டுதானாம். பட்டாளத்துக்குப் போனப்புறம் எம் பிள்ள என்னயத் தொட்டே வருசம் ஆச்சு தாயி.”

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவளால் பார்க்க முடியவில்லை. வேறு பக்கம் திரும்பினால், மூலையில் நல்லெண்ணெய் டின் புதிதாக, மூடி திறக்காமல் இருந்தது.

உள்ளேயிருந்து மருமகள், இசக்கிதுரையின் மனைவி ஆனந்தவள்ளி வந்தாள். கையில் ஈரத் துணி, கண்ணில் தூக்கமில்லை. ஸ்டிக்கர் என்றதும் முகம் வெளுத்தது. இவளை இழுக்காத குறையாக வாசலுக்குக் கொண்டுவந்தாள்.

“அத வீட்டுக்குள்ள கொண்டாராத. அங்கன கார்ல வச்சிட்டுப் போ.”

“அக்கா, அவரு டீ குடிக்காரு. நல்லாப் பேசுதாரு.”

“பேசுவாரு. நீ ரெண்டு நிமிசம் பேசிட்டுப் போயிருவ. ராத்திரி பகல்னு இல்லாம அள்ளிக் கொட்டுன கை இது.” கையை நீட்டிக் காட்டினாள். விரலிடுக்கெல்லாம் டெட்டாலில் வெந்து தோல் உரிந்திருந்தது. “அவுக வருசத்துக்கு ஒருக்கா வருவாவ. வந்த இடத்துல முடிவு எடுத்துட்டாவ. எங்கிட்ட யாரும் கேக்கல. நீயும் கேக்காத.”

சுகந்தி அந்தக் கையைப் பார்த்துவிட்டு ஷீட்டைப் பையிலிருந்து எடுத்தாள். காருக்குப் போனாள். கதவைத் திறந்து ஷீட்டை இருக்கையில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. கதவில் கை வைத்தபடியே நின்றாள். உள்ளே கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எதையோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்ததும் அவள் கதவை விட்டுவிட்டுக் காரின் பின்பக்கம் போனாள்.

சாரல் நின்றிருந்தது. துப்பட்டாவால் காரின் பின்கண்ணாடியைத் துடைத்தாள். ஈரம் இருந்தால் ஒட்டாது; மறுபடியும் துடைத்தாள். எழுத்தோடு சேர்த்து முகத்தைக் கண்ணாடியில் நடுவாக வைத்து, பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளித் தேய்த்தாள். ஒரு குமிழ் விழவில்லை. டேப்பை உரித்தாள். பிச்சையா கண்ணாடியில் எழுந்தருளினார். பையிலிருந்த தேதியையும் எடுத்து, ‘மறைவு’க்குப் பக்கத்தில் விட்டிருந்த இடத்தில் நேராக ஒட்டினாள். வாசலில் ஆனந்தவள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிவந்து தடுப்பாள் என்று சுகந்தி நினைத்தாள். அவள் தடுக்கவில்லை.

எதிர்வீட்டு ஹைருன் பீவி பால் பாத்திரத்தோடு வந்தவர், காரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“யா அல்லா! பிச்சையாண்ணனா? நேத்துக்கூடப் பேசிக்கிட்டிருந்தாரே! எப்பம்மா?”

சுகந்தி தேதியைக் கைகாட்டினாள். ஹைருன் பீவி கண்ணைச் சுருக்கிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“இது இன்னும் வராத நாளுல்லாம்மா?”

“ஆமா பெரியம்மா. இந்த வீட்டுல குடுத்த நாளுதான்.”

ஹைருன் பீவி அவளையே பார்த்தார். கையிலிருந்த பாத்திரம் சாய்ந்து பால் தெருவில் ஓடியது. இப்படி நாள் குறிப்பது எதற்கென்று அவருக்கும் தெரிந்திருந்தது. அந்தத் தெருவில் யாருக்குத்தான் தெரியாது. ஆனந்தவள்ளியை ஒதுக்கிவிட்டு, அழுதுகொண்டே விறுவிறுவென்று உள்ளே போனார்.

“பிச்சையாண்ணே!”

“யாரு, ஹைருனா? வா தாயி, வா. என்ன, அழுதியா? யாருக்கு என்ன ஆச்சு?”

அழுகைச் சத்தம் கேட்டால் அந்தத் தெரு சும்மா இருக்காது. டீக்கடை பெஞ்சிலிருந்து நான்கு பேர் எழுந்து வந்தார்கள். பைக்கில் போன செல்லப்பா என்கிறவர் காலை ஊன்றி நின்று, கண்ணாடியைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தவர், கட்டிலில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். திரும்பிவந்து தேதியைப் படித்தார். ஒருவர் இன்னொருவருக்குக் காட்டினார். யாரும் போகவில்லை. மறுபடி விழத் தொடங்கிய சாரலில் நனைந்துகொண்டே நின்றார்கள்.

அப்போதுதான் இசக்கிதுரை வந்தார். பைக்கின் பின்னால் ஒரு குலை இளநீர் கட்டியிருந்தது. கூட்டத்தைக் கண்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது. தான் இல்லாத நேரத்தில் அப்பா நிஜமாகவே போய்விட்டார் என்றே நினைத்திருக்க வேண்டும். “அப்பா!” என்று அலறிக்கொண்டு வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். அந்த அலறல் பொய்யில்லை. இளநீர்க் குலை அறுந்து, காய்கள் ஆட்கள் காலுக்கிடையில் உருண்டன. எல்லோரும் குனிந்து காய்களைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள்.

அவர் காரைப் பார்த்தார். சுகந்தியைப் பார்த்தார். அடிப்பார் என்று அவள் ஒரு அடி பின்வாங்கினாள். ஆனால் அவர் கண்ணாடிக்குத்தான் போனார். தேதியின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துச் சுரண்டினார். வரவில்லை. வெயிலுக்கும் மழைக்கும் தாங்குமா என்று கேட்டுத்தான் அந்த ரோலை அவள் வாங்குவாள். இரண்டு கையாலும் சுரண்டினார். எண் ஒன்று நூலாகப் பிய்ந்து நகத்தோடு வந்தது. மிச்சம் அப்படியே இருந்தது. முகத்தின் மேல் கை போனது. மீசையின் ஒரு நுனி கிழிந்தது.

“ஏலே துர,” உள்ளேயிருந்து குரல் கேட்டது, “வந்துட்டியாலே? என்னலே வெளிய ஒரே ஆளா நிக்கிது?”

இசக்கிதுரையின் விரல் நின்றது. சாரல் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக விழுந்து, ஒட்டியிருந்த கன்னத்தின் மேலே வழிந்து, அவர் விரலைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது. அவர் கையை எடுக்கவில்லை.