இடம் மாறிய இரு கம்பிகள்

வட்டகொடைக் குன்றுகளின் மேல் கதிர் எழுந்தும் ஒளி பரவாமல், பள்ளத்தாக்கிலிருந்து ஏறிய மூடுபனி தேயிலை நிரைகளையும் தொழிலாளர் குடியிருக்கும் லயக் கூரைகளையும் வெண்துகிலாய்ப் போர்த்தி, மேட்டில் நின்ற தொழிற்சாலையின் மேல்மாடிப் பலகணிகளைத் தடவிக்கொண்டிருந்த காலை அது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று. மலையாற்றில் பிறந்த மின்சாரம் அத்தோட்டத்தை அடைந்து ஒரு நாளே ஆகியிருந்தது. பழைய எண்ணெய்ப் பொறிக்கு ஓய்வளித்து, மின்பணியாளர் சூசைரட்ணம் முந்திய மாலையில் பொருத்திய மின்னோடி, மாடியின் பெருங்காற்றாடியைச் சுழற்றிக்கொண்டிருந்தது. கீழறை அடுப்பின் வெங்காற்றை மேலே செலுத்திப் பச்சைக் கொழுந்தை வாட்டுவது அக்காற்றாடியின் தொழில்.

ஆயின், இரவெல்லாம் சுழன்றும் கொழுந்து வாடவில்லை.

"இம்புட்டுத் தடிப்பா பரப்புனா எப்புடிய்யா வாடும்?" என்று வாட்டறைத் தொழிலாளி வீரய்யாவிடம் சினந்தார் தொழிற்சாலையின் மேற்பார்வையாளரான கண்டாக்கு முத்துலிங்கம். "நாளையிலருந்து மம்பட்டியத் தூக்கிக்கிட்டு மலைக்குத் தண்ணிக் கான் வெட்டப் போ!"

சரிவில் விழுந்து ஒரு கால் மடங்காதுபோன வீரய்யாவால் மலையேற இயலாது. வாட்டறை வேலை போனால் அவருக்கு வேறு பிழைப்பில்லை. அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் காற்றாடியின் முன் பிடித்தார். அறைப்பக்கம் பறக்கவேண்டிய துண்டு, காற்றாடியை நோக்கி இழுபட்டது.

"பாருங்கய்யா, சூடு மேல வரல. இது வெளிப்பனியத்தான் உள்ளுக்கு இழுக்குது."

"காத்தாடிக்கும் கண்டாக்கையா மேல கோவமாட்டம் இருக்கு, மூஞ்சியத் திருப்பிக்கிச்சு!" என்றாள் கொழுந்து பரப்பும் பூரணி.

அருகில் நின்ற சூசைரட்ணம் தலைகுனிந்தார். "மூணு கம்பியும் ஒன்னுதானேன்னு மாட்டிட்டேங்க. தப்பு என்னோடதுங்க, வீரய்யாண்ணன் மேல இல்ல."

மின்னை நிறுத்தி, மூன்று கம்பிகளுள் இரண்டை மட்டும் இடம் மாற்றினார், வேறொன்றும் செய்யவில்லை. மீண்டும் இயக்கியபோது துண்டு அறைப்பக்கம் விரிந்து பறந்தது.

இதன் நுட்பம் எளிது. மூவர் வட்டமாய் நின்று, ஒருவர்பின் ஒருவராய் நடுவிலுள்ள காந்தத்தைத் தம்பால் அழைப்பதாய் எண்ணுக. அழைப்பின் வரிசையைத் தொடர்ந்து காந்தம் சுழலும். இருவர் இடம் மாறினால், வரிசையும் சுழற்சியும் எதிராகும். மூன்று கம்பிகளிலும் மின்னலைகள் இவ்வாறே முறைவைத்து எழுகின்றன. அசையாத கம்பிச்சுருளுக்குள் சுழலும் காந்தப்புலத்தை எழுப்பலாம் என்று கண்டு, அதனால் ஓடும் மின்னோடியை அமைத்தவருள் முதன்மையானவர் நிக்கோலா தெசுலா.

பிற்பகலில் கொழுந்து துவண்டு மணத்தது. முத்துலிங்கம் ஒரு பிடி அள்ளி முகர்ந்து, "மம்பட்டி வேணாம், வீரய்யா" என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினார்.

தெசுலா மறைந்து பத்தாண்டுகள் கழிந்திருந்தன. அவர் இம்மலையைக் கண்டதில்லை; இங்கே எவரும் அவர் பெயரைக் கேட்டதுமில்லை. எனினும் ஆலைதோறும் அவர் கண்ட சுழற்சி ஓயாதிருக்கிறது. இம்மாடியிலோ, அன்றுபோலவே ஒவ்வொரு காலையும் ஒரு தொழிலாளி முதலில் நீட்டிப் பார்க்கும் துண்டை, பிழையாத திசையில் அசைத்துக்கொண்டே இருக்கிறது.