ஏங்க மாட்டேன்

ஜாவாத் தீவின் துலுங்காகுங் ஊருக்கு வெளியே, தைவானுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களைத் தங்கவைத்துப் பழக்கும் நிலையம் அது. அங்கே மாண்டரின் சொல்லிக்கொடுக்கும் வினார்சிக்குக் காலை ஒன்பது மணிக்கெல்லாம் தொண்டை கட்டிக்கொண்டுவிடும்.

முதல் வகுப்பில் அவள் ஆசிரியை. இரண்டாம் வகுப்பில் எஜமானி. "தண்ணீர் ஏன் சூடாக இல்லை? காது கேட்காதா உனக்கு?" என்று மாண்டரினில் கத்துவாள். எதிரே நிற்பவள் சிரித்த முகத்தோடு, "மன்னியுங்கள் அம்மா, மறுபடி செய்கிறேன்" என்று சொல்லிப் பழக வேண்டும். வகுப்பில் முப்பத்திரண்டு பெண்கள். ஒரு நாளைக்கு முப்பத்திரண்டு கோபம். தைச்சுங் நகரத்தில் படுத்த படுக்கையான கிழவர் ஒருவரைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டவள் வினார்சி. அங்கே வாங்கிய ஏச்சுதான் இங்கே அவளுக்குப் பாடப்புத்தகம்.

மாலாங் நகரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த அனிந்தியா ஒரு நாள் ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். ஒவ்வொரு தாளிலும் பன்னிரண்டு உணர்ச்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண்.

"மொழி சொல்லிக்குடுக்கிறவங்க மனசுல என்னென்ன ஓடுதுன்னு பாக்குற ஆராய்ச்சி இபு. வகுப்பு முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம், அவ்வளவுதான். ஆறு வாரம்."

'இபு' என்றால் அம்மா; மூத்த பெண்களை அங்கே மரியாதையாக அழைப்பது. வினார்சி பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். "களைப்பு எங்கம்மா இதுல?"

"அது உணர்ச்சியில சேராது இபு. உடம்போட நிலைமை அது."

"என் உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தாள்களை வாங்கி மேசைக்குள் வைத்தாள். சனிக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு ஒரு வாரத்துத் தாள்களை மொத்தமாக நிரப்புவாள். மகிழ்ச்சி நான்கு, பெருமை நான்கு, கோபம் ஒன்று. கை தானாக எழுதும்.

அந்த முப்பத்திரண்டு பேரில் லிலிஸ் என்று ஒருத்தி இருந்தாள். பக்கத்து ஊரான திரெங்காலேக்காரி, இருபத்து நான்கு வயது, ஊரில் மூன்று வயது மகள். கற்பூரம் மாதிரிப் பற்றிக்கொள்ளும் புத்தி. ஆனால் ஒரே ஒரு பதிலில் மட்டும் தடுக்கி விழுந்தாள். தைவான் குடும்பங்கள் வீடியோவில் ஆள் தேர்ந்தெடுக்கும்போது தவறாமல் கேட்கும் கேள்வி: வீட்டை நினைத்து ஏங்குவாயா? 'ஹுய்' என்றால் ஏங்குவேன். முன்னால் ஒரு 'பூ' சேர்த்தால் ஏங்க மாட்டேன். லிலிஸுக்கு அந்தப் 'பூ' வரவில்லை. இரண்டு குடும்பங்கள் அவளை வேண்டாமென்றுவிட்டன. மூன்றாவதும் தவறினால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

"சொல்லு" என்றாள் வினார்சி.

"ஹுய்."

"பூ எங்கடி போச்சு? முழுங்கிட்டியா?"

வகுப்பே சிரித்தது. லிலிஸும் சிரித்தாள். "வாய்க்குள்ளதான் இருக்கு லாவ்ஷி. வெளிய வரமாட்டேங்குது." அங்கே எல்லோருக்கும் வினார்சி லாவ்ஷி, மாண்டரினில் ஆசிரியை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அனிந்தியா எதையோ குறித்துக்கொண்டாள்.

சாயங்காலம் துணிக்கொடிப் பக்கம் லிலிஸைக் கூப்பிட்டாள் வினார்சி. இருவரும் காய்ந்த சீருடைகளை மடித்தார்கள்.

"நீங்க போறப்ப உங்க பையனுக்கு என்ன வயசு லாவ்ஷி?"

"நாலு."

"அப்புறம் எப்படிச் சொன்னீங்க?"

"அர்த்தத்தைக் கழட்டி வச்சிட்டேன். வெறும் சத்தமாச் சொன்னேன். பல்லி கத்துதே, அர்த்தம் தெரிஞ்சா கத்துது? அந்த மாதிரி."

லிலிஸ் ஒரு சட்டையை மடித்து அடுக்கினாள். "கழட்டின அர்த்தம் திரும்ப வந்துச்சா?"

"நேரமாச்சு, போய்ச் சாப்பிடு" என்றாள் வினார்சி.

செவ்வாய்க்கிழமை நேர்காணல். வினார்சி கேமராவுக்குள் வராமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். திரையில் இருந்த அம்மாள் கேள்வியைக் கேட்டாள். லிலிஸ் நிமிர்ந்தாள், பல் தெரியச் சிரித்தாள். "பூ ஹுய்" என்றாள். ஏற்றம் இறக்கம் எல்லாம் அச்சுப் பிசகவில்லை. தைவானிலேயே பிறந்தவள் சொன்ன மாதிரி இருந்தது. அம்மாள் தலையசைத்தாள். மேலாளர் கைதட்டினார்.

"சரியாச் சொன்னேனா லாவ்ஷி?" திரை அணைந்த பிறகும் லிலிஸின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

"சரியாச் சொன்ன" என்றாள் வினார்சி.

மதியம் அனிந்தியா கடைசித் தாள்களை வாங்க வந்தாள். வினார்சி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே வெற்றுத் தாள்.

"பழசையெல்லாம் திருப்பிக் குடுத்திரும்மா. அத்தனையும் பொய்."

அனிந்தியாவின் முகம் வாடிவிட்டது. "ஆறு வாரம் இபு..." என்று முனகிவிட்டு, எதிர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பிறகு, "நானும் ரெண்டு காலேஜ்ல இங்கிலீஷ் எடுக்குறேன்" என்றாள். "போன வருஷம் இதே மாதிரி ஒரு தாளை எங்களையும் நிரப்பச் சொன்னாங்க. நானும் மொத்தமாத்தான் போட்டேன். மகிழ்ச்சிக்கு அஞ்சு."

"அஞ்சா? கொஞ்சம் ஜாஸ்திம்மா."

இருவரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். அனிந்தியா பேனாவை மூடி வைத்துவிட்டு, போனில் ஒலிப்பதிவை அழுத்தினாள். "உங்க வாயால சொல்லுங்க. எண்ணெல்லாம் வேணாம்."

வினார்சி சொன்னாள். பதினோரு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது, வீட்டு வாசலில் நின்ற பதினைந்து வயது மகன், விருந்தாளிகளிடம் பேசும் மரியாதை ஜாவானியத்தில் அவளை உள்ளே வரச்சொன்னான். அவர்கள் வீட்டில் அம்மாவிடம் யாரும் பேசாத நடை அது. அன்றுமுதல் இன்றுவரை அவன் அதை மாற்றவில்லை. "இவளுங்களைத் திட்டும்போது எனக்குக் கோபம் வர்றதில்ல. சிரிக்கச் சொல்லிக் குடுக்கும்போது சிரிப்பும் வர்றதில்ல. இன்னைக்கு அந்தப் புள்ள அவ்வளவு அழகாச் சொன்னா பாரு, அப்ப எனக்கு... என்னன்னு சொல்றது... அவ மகளோட மூஞ்சை நான் பாத்ததுகூட இல்ல, ஆனா..."

அனிந்தியா காத்திருந்தாள். வினார்சியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டாள்.

ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு எழுந்தாள் அனிந்தியா. அன்று காலைதான் வந்து சேர்ந்த புதிய குழுப் பெண்கள், நிலையத்து விதிப்படி புதிதாக வெட்டிய முடியோடு, வகுப்புக்காக வாசலில் வரிசையாக நின்றார்கள்.

"லாவ்ஷி தூங்குறாங்க. எனக்கு அவங்க சொல்லிக்குடுக்கிற பாஷை ஒரு எழுத்துகூடத் தெரியாது. உங்கள்ல யாருக்காவது ஒன்னு ரெண்டு சொல்லத் தெரியுமா?"

முன்வரிசையில் ஒருத்தி தயங்கிக் கையைத் தூக்கினாள். அக்காள் ஏற்கெனவே தைவானில் இருக்கிறாளாம். வகுப்பறைக்குள் போனதும் அவள் ஒன்று, இரண்டு என்று மாண்டரினில் எண்ணத் தொடங்கினாள். மற்றவர்கள் தாழ்ந்த குரலில் திருப்பிச் சொன்னார்கள். அனிந்தியாவும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கூடச் சொன்னாள்.