நாளுக்கு ஒரு சாண்

நார்பர்ட் ஹெம்மல்கார்ன் சுட்ட குண்டு, அவர் தம்பி லைனஸின் சமையலறை ஜன்னலை வந்தடைய ஏழு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாக ஆயிற்று. ஒஹாயோவின் மேற்கு ஓரத்தில், எங்கள் பங்குக் கோவில் கோபுரத்திலிருந்து பார்த்தால் இரண்டு வீடுகளும் தெரியும். நடுவில் அரை மைலுக்குச் சற்றுக் குறைவாக ஒரு சோயா வயல், வேறொன்றும் இல்லை. குண்டு அந்த வயலின் மேல் நெஞ்சு உயரத்தில், நாளுக்கு ஒரு சாண் வீதம், சுழன்றுகொண்டே வந்தது.

இது எப்படி நடந்தது என்பதற்குக் குழலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் நிலம் மேசைபோலத் தட்டை. ரைஃபிள் தோட்டா கண்ணுக்கெட்டாத தூரம் போய் யார் வீட்டிலாவது நுழைந்துவிடும் என்பதால் மான் வேட்டைக்கு ஷாட்கன் மட்டும்தான் அனுமதி. ஷாட்கன்னுக்கு இரண்டு விதக் குழல் உண்டு. ஒன்று வழவழக் குழல், உள்ளே தண்ணீர்க் குழாய்போல இருக்கும். அதில் போடும் ஈயக் குண்டு முன்பக்கம் கனமாகவும் பின்பக்கம் குடைந்தும் இருக்கும். இறகுப்பந்தை எப்படி அடித்தாலும் கனமான தலை முன்னால் வந்து நேராகப் போகிறதே, அதே சங்கதிதான். ஆனால் அறுபது எழுபது கஜத்துக்கு மேல் அதை நம்ப முடியாது, அலைந்து மண்ணில் விழும். மற்றது புரிக் குழல். அதன் உட்சுவரில் முறுக்கிய பள்ளங்களை வெட்டியிருப்பார்கள். குண்டுக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டை உண்டு. சட்டை பள்ளங்களைக் கவ்விக்கொண்டு சுழன்றபடி வெளியே வரும், வந்ததும் சட்டை கழன்று விழுந்துவிடும், குண்டு மட்டும் பம்பரம்போலச் சுற்றிக்கொண்டு போகும். சுற்றும் பம்பரம் சாயாது அல்லவா, இதுவும் முகம் திரும்பாமல் நூற்றைம்பது கஜம் போகும். ஆனால் அதே குழலில் முயலுக்கான பொடிக் குண்டுகளைப் போட்டால் அவை சுழற்சியில் வளையமாக விரிந்துவிடும், முயல் நடுவிலுள்ள ஓட்டையில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். எனவே எது வேண்டும் என்று யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் இதைத் தூரத்தின் கணக்காகப் பார்ப்பார்கள். உண்மையில் இது ஆட்களின் கணக்கு. வழவழக் குழல் வைத்திருப்பவனுக்கு மான் பக்கத்தில் வந்தாக வேண்டும். அது தானாக வராது, யாராவது சோளக்காட்டுக்குள் நடந்து கலைத்துவிட வேண்டும். அதனால்தான் ஹெம்மல்கார்ன்கள் ஒரு காலத்தில் பதினைந்து பேராக வேட்டைக்குப் போனார்கள். பாதிப் பேர் வரிசையாக நடப்பார்கள், பாதிப் பேர் காட்டின் மறுமுனையில் காத்திருப்பார்கள். லைனஸ் எப்போதும் நடப்பவர். நடக்கும்போது வாய் ஓயாது, மான்கள் அவர் காலடிக்கு அல்ல, பேச்சுக்குப் பயந்துதான் ஓடின என்பார்கள். நார்பர்ட் எப்போதும் காத்திருப்பவர். பெரியப்பா மகன்கள் ஒவ்வொருவராக டேட்டன் நகரப் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட, கடைசியில் அண்ணனும் தம்பியும் மட்டும் மிஞ்சினார்கள். இருவருக்கும் மனைவி இல்லை. ஒருவருடைய மனைவி கல்லறையில், மற்றவருடையவர் ஃபுளோரிடாவில்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் நார்பர்ட் தீவனக் கடைக்குப் போய், துப்பாக்கிச் சாமான்களும் விற்கும் டெலோரஸ் வூப்கரிடம் தன் துப்பாக்கிக்கு ஒரு புரிக் குழல் வாங்கினார். டெலோரஸ் இரண்டையும் கையில் கொடுத்து, உள்ளே விளக்கடித்துக் காட்டி, அரை நாள் விளக்கினாள். தனியாக வேட்டைக்குப் போகிறவர்கள்தான் இதை வாங்குகிறார்கள் என்றும் சொன்னாள். நார்பர்ட் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். திரும்பும் வழியில் தம்பி வீட்டில் வண்டியை நிறுத்தி, குழலைத் துணியிலிருந்து பிரித்துக் காட்டினார்.

"இது நூத்தைம்பது கஜம் போகும். இனிமே ஆள் தேவையில்ல."

லைனஸ் குழலுக்குள் ஒரு கண்ணை வைத்து வானத்தைப் பார்த்தார். பிறகு அதை இரண்டு கைகளாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோழிகளுக்குத் தீனி வைக்க வேண்டும் என்று உள்ளே போனார். அவரிடம் கோழிகள் இல்லை. அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நவம்பர் கடைசித் திங்கட்கிழமை வேட்டைப் பருவம் திறந்தது. நார்பர்ட் வயலோரத்தில் தனியாக உட்கார்ந்தார். விடிந்து சற்று நேரத்தில் ஒரு கிளைக்கொம்பன் வயலின் நடுவே வந்து நின்றது. நார்பர்ட் தூரத்தைச் சரியாகக் கணித்தார், காற்றைக் கணித்தார், ஆனால் மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்க வழவழக் குழலில் சுட்டவர்களுக்கு அந்தப் பழக்கம் இருக்காது, ஏனென்றால் அவர்கள் குண்டு எப்போதும் பக்கத்து மண்ணிலேயே விழுந்துவிடும். சுட்டார். மான் வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அது நின்ற இடத்தைத் தாண்டியதும் குண்டு வேகம் குறைந்தது, ஆனால் விழவில்லை. நேராகப் பின்னால், வயலின் மறுகரையில், லைனஸின் சமையலறை ஜன்னல் இருந்தது. அந்த ஜன்னலை ஒட்டித்தான் அவர் உட்கார்ந்து சாப்பிடும் நாற்காலி.

வேட்டைத் துறை அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். குண்டு பருவத்துக்குள்தான் சுடப்பட்டது, எனவே குற்றமில்லை, ஆனால் அது தரையிறங்கும்வரை நார்பர்ட் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வழியில் ஒரு ஓக் மரத்துண்டை நட்டுப் பார்த்தார்கள். குண்டு அதற்குள் நுழைந்து, இரண்டு நாள் கழித்து மறுபக்கம் வந்தது. கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு சுத்தமான துளை இருந்தது, குண்டு கொஞ்சம் சூடாகியிருந்தது, அவ்வளவுதான். அதன்பின் யாரும் முயலவில்லை. விதைக்கிறவர்கள் டிராக்டரை அதைச் சுற்றி ஓட்டினார்கள். குளிரில் அதன்மேல் பனி தங்கவில்லை. பக்கத்தில் நின்றால் ஃபிரிட்ஜ்போல ஒரு முனகல் கேட்கும்.

சுட்டவன் தன் குண்டு போய்ச் சேரும்வரை அதன் பின்னால் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். காயப்பட்ட மானை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவனை யாரும் பீருக்குக்கூடக் கூப்பிடமாட்டார்கள். ஆகவே நார்பர்ட் தினமும் காலையில் போய்க் குண்டின் அருகே கொஞ்ச நேரம் நின்றார். மழையில் நின்றார், சோயாச் செடி இடுப்பளவு வளர்ந்தபோதும் நின்றார். தூரத்தில் லைனஸ் ஜன்னலருகே உட்கார்ந்து முட்டை சாப்பிடுவது, முதலில் ஒரு புள்ளியாகவும், பிறகு ஒரு மனிதனாகவும், நான்காம் ஆண்டில் நரைத்த தலையாகவும் தெரிந்தது. அவருக்கும் இவர் அப்படித்தான் தெரிந்திருப்பார். நாற்காலியை நகர்த்திப் போடச் சொல்லிப் பாதிரியார் மூலம் தகவல் அனுப்பினார் நார்பர்ட், டெலோரஸ் மூலமும் சொல்லிப் பார்த்தார். லைனஸ் இருவரிடமும் ஒரே பதிலைச் சொல்லியனுப்பினார்: "சுட்டவன் வந்து சொல்லட்டும்." நார்பர்ட் போகவில்லை. இன்னும் நாள் இருக்கிறது என்றார்.

குண்டு லைனஸ் வீட்டு முற்றத்து லைலாக் பூப்புதரைத் தாண்டியபோது இலைகள் சிதறின. சாம்பல் புதன் அன்று அது ஜன்னல் கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் இருந்தது. நெற்றியில் சாம்பல் கீற்றோடு நார்பர்ட் சமையலறைக் கதவைத் தட்டினார். லைனஸ் எழுந்திருக்கவில்லை, திறந்துதான் இருக்கிறது என்றார்.

"ஜன்னலத் திற, லைனஸ்."

"ஏன், அங்கேர்ந்தே சொல்லிருக்கலாமே. உன் சரக்குதான் நூத்தைம்பது கஜம் போகுமே."

"கண்ணாடி உன் தட்டுல விழும். அப்புறம் உன் மண்டை."

"விழட்டும். ஆள் தேவையில்லன்னு சொன்னவனுக்கு என் மண்டை மட்டும் எதுக்கு?"

நார்பர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "உன் முழங்காலுக்காகத்தான் வாங்கினேன். நீ அந்தச் சோளத்துல நொண்டிக்கிட்டு நடக்கறத மறுமுனையில உக்காந்து பாக்க முடியல."

"அத அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. இனிமே ஆள் தேவையில்லன்னு."

"அது சொல்றதாடா?"

குண்டு வெளியே முனகிக்கொண்டிருந்தது. கடைசியில் லைனஸ் நாற்காலியோடு நான்கடி பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்தார், நார்பர்ட் ஜன்னலைத் தூக்கித் திறந்தார். ஈஸ்டர்வரையான தவக்காலம் முழுக்கக் குண்டு அந்த வீட்டைக் கடந்தது. ஜன்னலை மூட முடியாததால் இருவரும் கோட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை மீன், மற்ற நாள் முட்டைக்கோசும் சாசேஜும். சாப்பாட்டு மேசைக்கு மேலே குண்டு வந்த நாட்களில் உப்பை அதற்குக் கீழே கையை நீட்டிக் கொடுத்துக்கொண்டார்கள். ஏழாண்டு பேசாததைப் பேசினார்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. சீட்டாடினார்கள், எருவின் விலையைப் பேசினார்கள், நார்பர்ட் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போனார். ஈஸ்டருக்கு முந்தின நாள் குண்டு பின்னறை ஜன்னல் வழியே வெளியே போனது.

"நாளைக்கு வருவியா?" என்று கேட்டார் லைனஸ்.

"அதான் வெளிய போயிருச்சே."

"அதனாலதான் கேக்கறேன்."

நார்பர்ட் யோசித்துவிட்டு, வருவதற்கு ஒரு காரணம் இல்லாமல் எப்படி வருவது என்று தெரியவில்லை என்றார். அது உண்மைதான், எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. மறுநாள் பூசை முடிந்து அவர் குண்டிடம் போனபோது, அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மடக்கு நாற்காலி போட்டிருந்தது. ஒன்றில் லைனஸ் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

அப்படி ஒன்பது ஆண்டு உட்கார்ந்தார்கள். குண்டு ஒரு சாண் போனால் நாற்காலிகளையும் ஒரு சாண் தள்ளிப் போட்டார்கள். அது இப்போது சாலைக்குப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கிறது, அடுத்த மாவட்டத்தாருக்குத் தகவல் கொடுத்தாயிற்று. சென்ற பிப்ரவரியில் லைனஸ் இறந்துபோனார். நார்பர்ட் காலையில் வந்து, முதலில் தம்பியின் நாற்காலியை ஒரு சாண் நகர்த்துகிறார், பிறகு தன்னுடையதை நகர்த்தி உட்கார்கிறார். வண்டியில் போகிறவர்கள் வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குகிறார்கள், அவர் தொப்பியைத் தொடுகிறார்.