பதிவில் வேண்டாம்

ஜனாதிபதி விடைபெற்றுப் பேசிய அன்று மாலை எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். அப்பா, நான், வரும் வசந்தத்தில் நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற ஹார்லன். வெளியே பனி. மேசையில் மாட்டிறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும். அப்பா தொலைக்காட்சிப் பெட்டியைச் சாப்பாட்டு மேசைக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார். வழக்கமாக அதை அவர் அனுமதிப்பதே இல்லை.

"இன்னிக்கு மட்டும்தான், க்ளென்னா. ஜெனரல் பேசுறார்."

எட்டு வருடம் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த மனிதர் அப்பாவுக்கு இன்னும் ஜெனரல்தான். இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பாவில் அவருடைய அலுவலகத்தில் அப்பா வேலை பார்த்தார். அதற்குப் பிறகு வான்படையில் விமானம் வாங்கும் பிரிவு. கர்னலாக ஓய்வு பெற்ற மறு மாதமே, யாரிடம் விமானம் வாங்கினாரோ அதே ஆலையில் துணைத் தலைவரானார். எங்கள் கன்சாஸ் ஊரில் அது யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. கோதுமை அறுத்தவன் வயசான பிறகு மாவு மில்லில் உட்காருவதைப் போல எடுத்துக்கொண்டார்கள்.

ஹார்லன் அந்த ஆலையில்தான் இறக்கைப் பிரிவில் பொறியாளர்.

ஜனாதிபதி முகம் களைத்திருந்தது. காகிதத்தைப் பார்த்துப் பார்த்துப் படித்தார். நாட்டில் இப்போது பெரிய படையும் பெரிய ஆயுதத் தொழிலும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கின்றன, இப்படி முன்பு இருந்ததில்லை, அது தேவைதான், ஆனாலும் அதற்குச் சேருகிற செல்வாக்கை அரசாங்கத்துக்குள் விட்டுவிடாதீர்கள், கண் விழித்திருங்கள் என்றார். அப்பாவின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. ஹார்லன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அப்பாவைப் பார்த்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"சரியாத்தான் சொல்றார்," என்றார் அப்பா.

"அப்பா, அவர் உங்களைத்தான் சொல்றார்."

"என்னையும்தான். இந்த ஊரையே சொல்றார். அதுல தப்பு ஒண்ணும் இல்லையே." எழுந்து போய்ப் பெட்டியை அணைத்தார். "இனிப்புக்கு ஆப்பிள் பை இருக்கு. ஹார்லன், உனக்குப் பெரிய துண்டா வெட்டுறேன். கல்யாணத்துக்குள்ள நீ கொஞ்சம் சதை போடணும். இல்லாட்டி போட்டோவுல என் பொண்ணு பக்கத்துல விளக்குக் கம்பம் நிக்கிற மாதிரி இருக்கும்."

நாங்கள் சிரித்தோம். அப்பா ஆப்பிள் பையை வெட்டிக்கொண்டே கேட்டார்.

"அடுத்த வாரம் நம்ம விமானத்தைப் பத்தி விசாரிக்க வாஷிங்டன்லேருந்து நாடாளுமன்றக் கமிட்டி வருது. உன்னையும் கூப்பிடுவாங்க. என்ன சொல்லப் போற?"

"கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லுவேன் சார்."

"அதேதான்," என்று துண்டை அவன் தட்டில் வைத்தார். "கேக்குறதுக்கு மட்டும்."

அன்று ஹார்லனை வழியனுப்ப அவன் கார் வரை போனேன். குளிர் தாங்காமல் உள்ளே ஏறி உட்கார்ந்தேன். அப்போதுதான் சொன்னான். எங்கள் ஆலையின் குண்டுவீச்சு விமானம் உயரப் பறக்கவென்று வரையப்பட்டது. எதிரியின் ராடாருக்குத் தப்ப இப்போது அதைத் தரையை ஒட்டிப் பறக்கச் சொல்கிறார்கள். தாழ்ந்த காற்று குலுக்கும். அந்தக் குலுக்கலில் இறக்கை உடலோடு சேருகிற இடத்தில் விரிசல் விடுகிறது. சோதனையில் ஒரு தடவை இல்லை, பல தடவை பார்த்துவிட்டான். மேலதிகாரியிடம் சொன்னான். புதிய ஒப்பந்தம் முதலில் கையெழுத்தாகட்டும் என்றார்களாம்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். என்னைக் கூப்பிட்டுப் பொறுமையாக் கேட்டார். அப்புறம் எல்ம் தெருவுல ஒரு செங்கல் வீட்டைக் காட்டக் கூட்டிட்டுப் போனார். நமக்குக் கல்யாணப் பரிசாம். பின்னால ஆப்பிள் மரம் இருக்கு க்ளென்னா."

"நீ என்ன சொன்னே?"

"நன்றின்னு சொன்னேன். வேற என்ன சொல்லுவேன்?" ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "மிரட்டினா எதிர்த்து நிக்கலாம். ஆப்பிள் பை வெட்டிக் குடுக்குற மனுஷனை என்ன பண்றது?"

என் காரணமாகத்தான் அந்த வீடு. என் காரணமாகத்தான் அந்த ஆப்பிள் பை. அது புரிந்தபோது காருக்குள் இன்னும் குளிரெடுத்தது.

"உள்ளே எத்தனை பையன்கள் உட்கார்ந்திருப்பாங்க, ஒரு விமானத்துல?"

"என்னைவிடச் சின்னவங்க," என்றான். எத்தனை பேர் என்று சொல்லவில்லை.

நான் மாவட்ட நீதிமன்றத்தில் பேசுவதையெல்லாம் இயந்திரத்தில் சுருக்கெழுத்தாக எழுதுகிறவள். கமிட்டியோடு வாஷிங்டனிலிருந்து வரவேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். சாட்சி சொல்ல வருகிறவனை நான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்பது ஊருக்கே தெரியும். யாரும் ஆட்சேபிக்கவில்லை. என் பெயரைச் சொன்னதே அப்பாதான். வீட்டுப் பெண் எழுதினால் எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

ஆலையின் கூட்ட அறையில் நீள மேசை, தண்ணீர் ஜாடிகள், சுவரில் விமானத்தின் படம். வெளியாட்கள் யாருக்கும் அனுமதி இல்லை. கமிட்டித் தலைவர் தர்லோ பெக்லி பருத்த, கலகலப்பான மனிதர். உள்ளே வந்ததும் எல்லாருடைய கையையும் குலுக்கினார், என் கை உட்பட. அவரோடு இன்னும் இரண்டு உறுப்பினர்கள். அப்பா பின்வரிசையில் உட்கார்ந்தார்.

ஹார்லனிடம் அவர்கள் கேட்டதெல்லாம் அவன் எந்தக் கல்லூரியில் படித்தான், ஆலையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், குறித்த தேதிக்குள் விமானம் தயாராகுமா என்பதுதான். விரிசல் பக்கமே யாரும் போகவில்லை. கேள்விகள் அதைச் சுற்றி வளைந்து வளைந்து போயின. குழியைத் தெரிந்தவன் அப்படித்தான் கார் ஓட்டுவான்.

"நல்லது, மிஸ்டர் விங்கேட். நன்றி," என்று பெக்லி ஹார்லனுக்கு விடை கொடுத்தார்.

ஹார்லன் எழுந்திருக்கவில்லை.

"ஐயா, நீங்க கேக்காத ஒண்ணு இருக்கு. இறக்கையைப் பத்தி."

பெக்லி அப்பாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "பதிவில் வேண்டாம்," என்றார்.

அது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் பழகிய வார்த்தை. அதைச் சொன்னதும் எழுதுகிறவள் இயந்திரத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த அறையில் பேசுவது பேசாததாகிவிடும். திரும்பிப் பார்த்து, கை மடியில் இருக்கிறதா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. பெக்லியும் பார்க்கவில்லை. சொன்னால் போதும் என்று அத்தனை வருடம் பழகியிருந்தார்.

நான் கையை எடுக்கவில்லை. அந்த இயந்திரம் அவ்வளவாகச் சத்தம் போடாது.

ஹார்லன் சொன்னான். தாழப் பறந்தால் இறக்கை அடியில் விரிசல் விடுகிறது, அது வளரும், ஒரு நாள் இறக்கை பிரியும், எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது என்றான். பெக்லி பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நீ நல்ல பையன். இந்த விமானத்தோட சக்கரக் கால் என் தொகுதியில செய்றாங்க. வால் இவரோட தொகுதியில. கண்ணாடி அவரோடதுல. நான் இதை நிறுத்தினா அடுத்த தேர்தல்ல என் சொந்த மச்சான்கூட எனக்கு ஓட்டுப் போட மாட்டான். புரியுதா?" பிறகு எனக்குக் கேட்கக் குரலை உயர்த்தினார். "சரி, பதிவுக்குத் திரும்புவோம். மிஸ் ஸ்ட்ரவுட், எங்கே விட்டோம்? கடைசியாப் பேசினதை ஒரு தடவை படிங்க."

எல்லாத் தலைவர்களும் கேட்கிற வழக்கமான கேள்விதான். நான் இயந்திரத்திலிருந்து வந்த காகித நாடாவைத் தூக்கிப் பிடித்துப் படித்தேன். ஹார்லனின் விரிசலில் ஆரம்பித்து பெக்லியின் மச்சான் வரைக்கும், நிறுத்தாமல், நீதிமன்றத்தில் படிக்கிற அதே குரலில்.

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்.

"நீங்க கையை எடுக்கலையா?" என்றார் பெக்லி.

"இல்லை சார்."

வலது பக்கம் இருந்த வயதான உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போது யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். அவர் கேட்கவும் செய்தார்.

"இறக்கை எங்கே செய்றாங்க?"

"இங்கேதான் ஐயா," என்றான் ஹார்லன்.

"அப்போ எங்க ஊருக்குச் சம்பந்தமில்லை," என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

உதவியாளர் ஒருவர் வந்து நாடாவைக் கிழித்து மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க மிஸ்," என்று மரியாதையாகத்தான் சொன்னார். அப்பாவை நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மத்தியானம் ஹார்லன் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்தான். சட்டையில் அடையாள அட்டை குத்தியிருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"ஆலை வாசல்ல வாங்கிக்கிட்டாங்க. காவலாளி எர்ல்தான். என் கண்ணைப் பாக்கலை. ரெண்டு நாள்ல திருப்பித் தருவாங்க மிஸ்டர் விங்கேட்ன்னு அவரே எனக்கு ஆறுதல் சொல்றார்."

அப்பா மூன்று கோப்பையில் காப்பி ஊற்றினார்.

"உக்காரு ஹார்லன். எனக்குக் கோபம் இல்லை. க்ளென்னா, உன் மேலயும் இல்லை கண்ணு. உன் அம்மா இருந்தா இதையேதான் செஞ்சிருப்பா." சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தினார். "ஒப்பந்தம் போன வெள்ளிக்கிழமையே கையெழுத்தாயிடுச்சு."

"கமிட்டி வர்றதுக்கு முன்னாடியேவா?"

"கமிட்டி வர்றது ஒரு மரியாதைக்கு."

"அன்னிக்கு ஜெனரல் சொன்னது சரின்னு நீங்கதானே சொன்னீங்க அப்பா?"

"இப்பவும் சொல்றேன். ஒவ்வொரு வார்த்தையும் சரி." அவர் உண்மையாகவே சொன்னார். கண்ணில் துளி கேலி இல்லை. "சரின்னு தெரிஞ்சா உடனே நின்னுடுமா? இதுக்கு நிறுத்துற இடம்னு ஒண்ணு இல்லை கண்ணு. நான் தேடிப் பார்த்துட்டேன்."

ஹார்லன் கோப்பையைத் தொடவில்லை.

"கல்யாணம் சொன்னபடி நடக்கும்," என்றார் அப்பா. "வீடும் உங்களுக்குத்தான்."

"கல்யாணம் நடக்கும்," என்றேன். "வீடு வேண்டாம்."

ஹார்லன் மேசைக்கு மேலேயே என் கையைப் பிடித்தான். அப்பா அதைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேற்கிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் தரையில் ஒரு அதிர்வு, பிறகு ஜன்னல் கண்ணாடி, பிறகு அலமாரியில் தட்டுகள். எங்கள் ஆலையின் விமானம், வயல்களை ஒட்டி, நான் அதுவரை பார்த்திராத தாழ்வில்.

மூன்று பேரும் கூரையைப் பார்த்தோம். அப்பா காப்பிக் கெண்டியைப் பிடித்தபடியே நின்றார். உதடுகள் அசைந்தன. சத்தம் எங்கள் தலைக்கு மேல் வந்து, நிறைந்து, கிழக்கே இறங்கித் தேய்கிற வரை அவர் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

"கடந்து போயிடுச்சு," என்றார்.

"இது போயிடுச்சு," என்றான் ஹார்லன்.

அப்பா கெண்டியை மெதுவாக அடுப்பின் மேல் வைத்தார். மேற்கே அடுத்தது வந்துகொண்டிருந்தது.